திருகோணமலை புடவைக்கடை முதலாளிமாருக்கு: நிறத்தை எடுங்கள், துணியை விடுங்கள்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கும், கடைக்குச் சரக்குத் தெரிவுசெய்து கொண்டுவருபவர்களுக்கும், கூடவே நம்ம ஊர்த் தையல்காரர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கடைகளில் உடுப்பு எடுத்து வளர்ந்தவள் நான். பாரிஸ், மிலான் பாஷன் மேடைகளில் வருகிற இலையுதிர்கால, குளிர்கால உடுப்புகளை வருஷா வருஷம் ஆசையோடு பார்க்கிறவளும்கூட. நான் கேட்பது ஒன்றுதான். அந்த மேடைகளிலிருந்து நிறத்தையும் அமைப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். துணியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அந்த உடுப்புகளை நியூயோர்க், லண்டன், மிலான், பாரிஸ் என்று பெப்ரவரியிலும் மார்ச்சிலும் காட்டுவார்கள். அங்கே கடைகளுக்கு வருவது ஓகஸ்ட், செப்டெம்பரில். அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சரக்கு நம்ம பக்கம் வந்து சேரும்போது தீபாவளி, நத்தார், பொங்கல் என்று உங்களுக்கு நல்ல வியாபார நேரம். அங்கே அப்போது பனி. இங்கே வாடைக்காற்றும் மாரி மழையும். டிசெம்பரில்கூட நமக்குப் பகலில் 27, 28 பாகை. வெளியே மழை, உள்ளே புழுக்கம். இந்த நகரத்துக்கு அதுதான் குளிர்காலம்.

இந்த நேரத்தில் உங்கள் தட்டுகளில் முன்னுக்கு நிற்பது வெல்வெட் பஞ்சாபி. போன தீபாவளிக்கு என் தங்கச்சிக்கு ஒன்று எடுத்தோம். கடும் சிவப்பு, கழுத்தைச் சுற்றிக் கல்வேலை, உள்ளே பொலியெஸ்டர் லைனிங். விளக்கு வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தது. கோயிலுக்குப் போய் மழையில் நனைந்து வந்த பிறகு பார்த்தால், மேல்துணி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பாரமாகத் தொங்குகிறது, லைனிங் முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. கழற்றிய பிறகு கைமடிப்பின் உட்பக்கம் சிவப்புச் சாயம் தோலில் இறங்கியிருந்தது. வெயில் இல்லாத வாரம் அது, வீட்டுக்குள்ளேதான் காயப்போட்டோம். கடைசியில் லைனிங் தையலோரம் பூஞ்சணம் பிடித்துவிட்டது. திருவிழாவுக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்த உடுப்பை ஒரே ஒரு தடவைதான் அவள் போட்டாள். விற்ற கடையைக் குறை சொல்ல வரவில்லை. எல்லாக் கடையிலும் அதுதான் தொங்கியது.

ரெக்ஸின் ஜாக்கெட்டும் இப்படித்தான். இந்த மாதிரிச் செயற்கைத் தோலின் மேற்பூச்சு பெரும்பாலும் பொலியூரிதேன். காற்றிலுள்ள ஈரமே காலப்போக்கில் அந்தப் பூச்சைச் சிதைத்துவிடும். கடலோரத்தில் அலுமாரிக்குள் தொங்கவிட்டு வைத்தாலே தோள்பட்டையில் செதில் செதிலாக உரியத் தொடங்கும். இளம் பொடியன்கள் காசு சேர்த்து எடுக்கிற உடுப்பு அது, அதனால்தான் மனம் கேட்கவில்லை. அப்புறம் அந்த செயற்கை ரோமக் கழுத்து. 2025 குளிர்கால மேடைகள் முழுக்க ரோமத் தோற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மைனஸ் பாகையில் தெருவில் நடக்கிறவர்களுக்கானது. நத்தார் பூசைக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு அதை மாட்டிவிட்டால் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

சரி, எடுக்க வேண்டியதைப் பற்றிப் பேசுவோம். அங்கேதான் எனக்கு உண்மையான சந்தோஷம்.

முதலில் பிறவுண். கடந்த சில குளிர்காலங்களாக மேடைகளில் சொக்லேட் பிறவுண் கறுப்பின் இடத்தையே பிடித்து நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு நிறத்தைத் தெரிவுசெய்து அறிவிக்கிற பான்டோன் நிறுவனம் 2025க்கான நிறமாக அறிவித்ததும் மோக்கா மூஸ் என்கிற ஒரு மெல்லிய பிறவுண்தான். நம்ம தோல் நிறத்துக்கு இதைப்போல அமைகிற நிறம் குறைவு என்பது என் திடமான அபிப்பிராயம். "நல்ல நாளுக்குப் பிறவுணா?" என்று அம்மாமார் முகம் சுளிப்பார்கள், தெரியும். மஞ்சள் கரை வைத்துக் காட்டுங்கள், அல்லது பழைய தங்கச் சரிகையோடு காட்டுங்கள், அவர்களே கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்தது அரக்கு. இத்தாலியின் குச்சி (Gucci) நிறுவன மேடையில் 2023 செப்டெம்பரில் அதன் வடிவமைப்பாளர் சபாட்டோ டி சார்னோ கொண்டுவந்த ஆழ்ந்த சிவப்பு உலகம் முழுக்கச் சுற்றி வந்தது. நம்ம கூறைச் சாறிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம். அதை வொயில் என்கிற மெல்லிய கொட்டனிலோ லினனிலோ கொண்டுவந்தால் வியர்வையை உறிஞ்சும், மழை நாளிலும் சீக்கிரம் காயும்.

குளிர்காலத் தொகுப்பு என்றாலே கனத்த துணி என்று நினைக்கத் தேவையில்லை. 2024 பெப்ரவரியில் பாரிஸின் க்ளோயே நிறுவனத்துக்கு வடிவமைப்பாளர் செமெனா கமாலி தன் முதல் தொகுப்பைக் காட்டியபோது, மேடையில் மிதந்து வந்தது சுருக்கு வைத்த மெல்லிய ஷிபோன். அந்தச் சுருக்கும் கையின் அகலமும் நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தும். 2025 மார்ச்சில் இன்னொரு பாரிஸ் நிறுவனமான சான் லோரானுக்கு அந்தனி வக்கரெல்லோ வடிவமைத்துக் காட்டிய அகலத் தோளும் எனக்குப் பிடித்திருந்தது. அந்த உயர்ந்த கழுத்து மட்டும் நமக்கு வேண்டாம். தோள்தையலை ஒரு விரல் வெளியே தள்ளி, உள்ளே மெல்லிய பஞ்சு வைத்தால் சாதாரணக் கொட்டன் சட்டையிலும் அந்த மிடுக்கு வரும். தையல்காரர்களே, இது உங்கள் கைக்குள் இருக்கிற வேலை. இந்த நாட்டின் மிகப் பெரிய ஏற்றுமதிப் பொருளே உடுப்புத்தான். நம்ம பிள்ளைகள் எத்தனையோ பேர் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுக்கு நுணுக்கமாகத் தைத்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தையலின் சுத்தம் உள்ளூர்ச் சட்டையிலும் வரவேண்டும் என்று நான் ஆசைப்படுவதில் தப்பில்லையே?

உண்மையில் நமக்கு இல்லாத உடுப்பு ஒன்று உண்டு. மழைக்கான நல்ல உடுப்பு. இலையுதிர்கால மேடைகளில் வருஷம் தவறாமல் வருகிற, இடுப்பில் பட்டி கட்டுகிற டிரென்ச் கோட்டின் மூலமே மழைதான். தோமஸ் பர்பெரி 1879இல் கபர்டீன் துணியை உருவாக்கினார். நெய்வதற்கு முன்பே நூலை நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, நெருக்கமாக நெய்த துணி அது. நீரைத் தடுக்கும், காற்றையும் விடும். நம்மிடம் இருப்பதோ சைக்கிளில் போகும்போது உள்ளுக்குள் வேர்த்து வழிகிற பிளாஸ்டிக் கோட். நிலாவெளிப் பக்கமிருந்து மழையில் வேலைக்கு வருகிற பெண்கள் அலுவலகத்தில் முதலில் செய்வது அதைக் கழற்றி உதறுவதுதான். லைனிங் இல்லாத, நெருக்கமாக நெய்த மெல்லிய கொட்டனில், முழங்காலுக்கு மேலே நிற்கிற நீளத்தில், நீர் ஒட்டாத பூச்சோடு ஒரு கோட் கொண்டுவாருங்கள். பிறவுணில் ஒன்று, அரக்கில் ஒன்று. வாங்குவதற்கு முதல் ஆளாக நான் வருவேன்.

கட்டத்துணியையும் சொல்லாமல் விட முடியாது. குளிர்கால மேடைகளில் கட்டம் போட்ட கம்பளி இல்லாத வருஷமே இல்லை. நமக்குக் கீழே இதே கரையோரத்தில் மருதமுனை இருக்கிறது, கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே நெய்கிறவர்களிடம் பிறவுணும் அரக்கும் கலந்த கட்டம் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், சாரத்துக்கு மட்டுமில்லாமல் சட்டைக்கும் பாவாடைக்கும் துணி கிடைக்கும்.

இன்னொன்று. துணி என்ன என்று கேட்டால் கடையில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நல்ல துணி அக்கா" என்பதோடு முடிகிறது. கொட்டனா, ரேயானா, பொலியெஸ்டர் கலந்ததா என்று விலைச்சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

தீபாவளிச் சரக்குக்குச் சொல்லிவைக்கிற நேரம் வரும்போது, வெல்வெட்டுக்கு ஒதுக்குகிற காசில் பாதியையாவது வொயிலுக்கும் லினனுக்கும் கைத்தறிக்கும் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி அலுமாரியில் ஒரு வாரம் அவற்றை முன்னுக்கு வையுங்கள். கேட்டு வருகிறவர்களின் பெயரைக் குறித்து வைக்க ஒரு கொப்பி போட்டால், அதில் என் பெயரையும் என் தங்கச்சியின் பெயரையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்,
திருகோணமலை