மச்சத்தை மட்டும் பார்த்தால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெயில், தோல் புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் போட்டிருந்த படங்கள் எல்லாமே கறுப்பு மச்சங்கள். எனக்கு வந்தது மச்சமும் இல்லை, கறுப்பும் இல்லை.

மூக்கோரம் பரு மாதிரி ஒன்று. பளபளவென்று இருக்கும், முகம் துடைத்தால் துளி ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், ஆறும், அப்புறம் திரும்ப அதே கதை. வலியோ அரிப்போ கிடையாது. அதுதான் ஆறிவிடுகிறதே என்று எட்டு மாதம் விட்டுவைத்தேன். பயாப்ஸி எடுத்ததில் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்றார்கள். வேறு உறுப்புக்கு இது பரவுவது மிக அபூர்வம், ஆனால் இருக்கிற இடத்தை அரித்துக்கொண்டே போகும். மூக்கு என்பதால் மோஸ் முறை: மெல்லிசாக ஓர் அடுக்கை எடுத்து, நம்மை உட்காரவைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் ஓரம் முழுக்கப் பார்த்து, மிச்சம் இருக்கிற பக்கம் மட்டும் மறுபடி வெட்டுவார்கள். எனக்கு மூன்று சுற்று. மரத்துப்போக ஊசி போட்டுவிடுவதால் வெட்டுவது தெரியவில்லை, நடுவில் காத்திருந்ததுதான் பெரும்பாடு.

அப்போதுதான் நெற்றியில் இருந்த சொரசொரப்பையும் கவனித்தார்கள். ஆக்டினிக் கெரட்டோசிஸ். பல வருட வெயில் தோலில் விட்டுப்போகிற சேதம் இது, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிடும், உப்புத்தாளைத் தடவுவது போல. இதில் சிலது மட்டும் பிற்பாடு ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோயாக மாறக்கூடும். ஒன்றிரண்டு என்றால் திரவ நைட்ரஜனால் உறையவைப்பார்கள். எனக்குப் பரவலாக இருந்ததால் ஃப்ளூரோயுராசில் கிரீம். இரண்டாம் வாரம் நெற்றி செக்கச்செவேலென்று புண்ணாகிவிட்டது, ஒவ்வாமை என்று பயந்து நானே நிறுத்திவிட்டேன். மருந்து கெட்ட செல்களைக் கொல்லும்போது அப்படித்தான் இருக்குமாம்! முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா.

இன்னொன்று. கறுத்த நிறத்தவர்களுக்கு ஆபத்து குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உண்மைதான், ஆனால் அவர்களுக்கு மெலனோமா என்ற, பரவக்கூடிய தோல் புற்றுநோய் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயிலே படாத இடங்களில் வருகிறது, யாரும் பார்க்காமல் முற்றியும் போகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில்தான் கண்டுபிடித்தார்கள், 1981-இல் 36 வயதில் இறந்துபோனார். கறுத்த தோல்காரர்களின் நகத்தில் கருங்கோடு இருப்பது சகஜம், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒரே நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, பக்கத்துத் தோலிலும் கருமை இறங்கினாலோ உடனே காட்ட வேண்டும். பழைய தீப்புண் தழும்பில் ஆறாத புண் இருந்தாலும் அப்படியே காட்ட வேண்டும், அதில் புற்றுநோய் வர வெயிலே தேவையில்லை.

அடுத்த முறை மச்சப் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு ஓர் உள்ளங்கால் படம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்