நாற்காலி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடைகளிலும் வாடிக்கையாளர் சேவை மையங்களிலும் பணிபுரிவோர் வரவர முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று வாசகர்கள் எழுதுவதைத் தங்கள் இதழில் அடிக்கடி காண்கிறேன். குறை உண்மைதான், ஆனால் அதற்கான காரணத்தை அவர்களுடைய குணத்தில் தேடுவது சரியன்று.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகர் ஜவுளிக்கடைகளுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். புடவைப் பிரிவில் நிற்கும் பெண், அத்தனையையும் விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு ஒன்றையும் எடுக்காமல் எழுந்து போகும் குடும்பத்தைச் சிரித்தபடியே அனுப்பிவிட்டு, விரித்தவற்றை மடித்து முடிக்கும் முன்பே அடுத்தவரை ‘வாங்கக்கா’ என்று அழைக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் பின்னால் சூப்பர்வைசர் நிற்கிறார், மேலே கேமரா இருக்கிறது. விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட், இப்படிச் சிரித்த முகத்தோடு நிற்பதும் ஓர் உழைப்பே என்று 1983-ஆம் ஆண்டிலேயே எழுதினார். மனத்தில் இல்லாத சிரிப்பை முகத்தில் மட்டும் வரவழைத்துக்கொள்பவர்கள் அதிகம் சோர்ந்துபோகிறார்கள் என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டியுள்ளன. சம்பளச் சீட்டில் இதற்கென ஒரு வரியும் கிடையாது.

இழப்பு நமக்கும்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோவொரு மாடியில் அமர்ந்து நம் அழைப்பை எடுப்பவருக்குப் பல நேரங்களில் வருத்தம் தெரிவிக்க மட்டுமே அதிகாரம் இருக்கிறது. தவறாகப் பிடித்த நூறு ரூபாயைத் திருப்பித் தரும் அதிகாரம் இல்லை. அந்த வருத்தத்தைக் கேட்கக் கேட்க நமக்குக் கோபம் ஏறுகிறது, கத்துகிறோம். ஏச்சு வாங்கியவரோ அடுத்த நொடியே அடுத்த அழைப்பை எடுத்தாக வேண்டும். ஒரு தவறும் செய்யாத இன்னொரு வாடிக்கையாளரிடம் அவர் குரல் வறண்டு ஒலிப்பதில் என்ன வியப்பு?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் கொண்டுவந்த திருத்தம், நாள் முழுதும் நின்றே வேலை பார்த்தவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. (கேரளம் 2018-லேயே இதைச் செய்தது.) அதே வழியில் இன்னும் ஓரடி போகலாம். ஆபாசமாகப் பேசுவோரின் அழைப்பைத் துண்டிக்கவும், பெரிய தகராறுக்குப் பின் சிறிது நேரம் விலகியிருக்கவும், சிறு தொகைகளில் தாமே முடிவெடுக்கவும் ஊழியருக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். ‘மகிழ்ச்சியாகப் பணியாற்றுவது எப்படி’ என்று ஆண்டுக்கொரு வகுப்பு, அதுவும் வார விடுமுறையில் வரவழைத்து நடத்துவது, இதற்கு ஈடாகாது. இருக்கை போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வரும் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் இந்த அனுமதிகளையும் கேட்டுப் பதிவுசெய்ய அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை.