பேத்திக்குப் பேர் வைத்த கதை

அன்புள்ள வசந்தி,

ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. இங்கே எல்லோரும் நலம், என் மூட்டுவலி உட்பட.

பேத்தி பிறந்திருக்கிறாள்டி! பேர் ஷெஃபாலி. கொல்கத்தா சம்பந்தி அம்மா வைத்தது. ‘தமிழில் ஒரு பேர் கிடைக்கவில்லையா’ என்று இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளை ஒரு படம் அனுப்பினார். பார்த்தால் நம் பவழமல்லி! உங்கள் வீட்டுக் கிணற்றடியில் விடியுமுன் பாவாடையில் பொறுக்குவோமே, அதே பூ. வங்காளத்தில் அதற்கு ஷியூலி, ஷெஃபாலி என்று பேர். அந்த வாசம் வந்தால் துர்கா பூஜை வந்துவிட்டது என்று அர்த்தமாம்.

அப்புறம் எனக்குப் பேர்ப் பைத்தியமே பிடித்துவிட்டது. நமக்கு அந்த ஆரஞ்சுக் காம்புதான் பவளம்; பவழக்கால் மல்லிகை என்றும் சொல்லியிருக்கிறார்கள், காலில் பவளம் போட்ட மல்லிகை! அந்தக் காம்பை நசுக்கி நகத்தில் பூசிக்கொண்டு வந்து தமிழம்மாவிடம் அடி வாங்கினாயே, பட்டுக்கே அதில் சாயம் போடுவார்களாம், உன் நகம் எம்மாத்திரம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற 99 பூவை மூச்சுப் பிடித்து ஒப்பித்தோமே, ‘சேடல் செம்மல்’ என்று வரும், அந்தச் சேடல் இதுதான். அன்றைக்கு என்ன பூ என்று ஒருத்தியாவது கேட்டோமா?

இதற்குள் நாத்தனார் ஒரு குண்டைப் போட்டாள். தாவரப் பேர் நிக்டாந்தஸ் ஆர்பார்-டிரிஸ்டிஸ், லின்னேயஸ் என்ற தாவரவியல் அறிஞர் 1753இல் வைத்தது. முதல் பாதி இரவுப் பூ, சரி. பின்பாதி சோக மரம்! ராத்திரி பூத்து, விடிவதற்குள் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிறதல்லவா. ‘பச்சைக் குழந்தைக்குப் போய் அழுமூஞ்சி மரத்தின் பேரா’ என்றாள். இதற்குப் பாரிஜாதம் என்றும் பேராச்சே, சூரியன் கைவிட்ட பெண்ணின் சாம்பலில் முளைத்த மரம் என்று அந்தக் கதை வேறு. சிரித்து மழுப்பினேன், ஆனால் அன்று ராத்திரி தூக்கமே இல்லை வசந்தி.

விடியற்காலையில் உன் அம்மா ஞாபகம் வந்தது. தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது, இதை மட்டும் வைக்கலாம் என்று நம் மடியிலிருந்து அள்ளிக்கொண்டு போவாரே. எழுந்து மகளுக்குப் போன் போட்டு, பேரை மாற்றவே கூடாது என்று சொல்லிவிட்டேன். பாவம், அரைத்தூக்கத்தில் ஒன்றும் புரியாமல் ‘சரிம்மா’ என்றாள்.

கிணற்றடி மரம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அந்தத் தட்டைக் காய் பத்துப் பறித்து அனுப்பு. ஒன்றுக்கு இரண்டு விதைதான், கஞ்சத்தனம் பண்ணாதே.

உன்
கமலா