புதுச் சட்டம் எந்தத் தேதியிலிருந்து? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சட்டப்பேரவையில் ஏதாவது ஒரு சட்டமுன்வடிவு (மசோதா) நிறைவேறிய செய்தி டி.வி.யில் ஓடினால் போதும், மறுநாள் காலையே எங்கள் பத்திர எழுத்தகத்துக்கு போன் வரத் தொடங்கிவிடுகிறது. "உடனே பத்திரத்தை முடிச்சிடலாமா, இல்ல கொஞ்சம் பொறுக்கலாமா?" எல்லோரும் கேட்பது இதைத்தான். பேங்க் லோன் கைக்கு வருமுன்பே அவசரமாகக் கிரயம் முடிக்கப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். புதுச் சட்டம் தமக்குச் சாதகம் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். இருவருக்குமே நஷ்டம்தான். எந்தச் சட்டமாக இருந்தாலும் அது எந்த நாளில் உயிர் பெறுகிறது என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். அதற்காகத்தான் இந்த மடல்.

பேரவையில் குரல் வாக்கெடுப்பு முடியும்போது கையில் இருப்பது இன்னும் முன்வடிவுதான். 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஒரு நாள்கூட அது சட்டமாக இருந்ததில்லை.

பேரவையைத் தாண்டிய முன்வடிவு ஆளுநரிடம் போகிறது. அரசியலமைப்பின் 200ஆம் உறுப்பின்படி அவர் ஒப்புதல் தரலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் முடிவுக்காக ஒதுக்கியும் வைக்கலாம். நம் தொழிலைத் தொடும் சட்டங்கள் பல இந்த மூன்றாவது வழியில்தான் போகின்றன. விவசாய நிலம் நீங்கலான சொத்து மாற்றமும் பத்திரப் பதிவும், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே மத்திய சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் இந்த மாநிலத்தில் செல்ல வேண்டுமானால், 254(2)ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று பதிவுச் சட்டத்தில் சேர்த்த 77-ஏ பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பேரவை அதை நிறைவேற்றியது 2021 செப்டம்பரில். டில்லி ஒப்புதல் வந்து அமலுக்கு வந்தது 2022 ஆகஸ்ட் 16-ல். இடையில் கிட்டத்தட்ட ஓராண்டு. சட்டத்தின் பெயரில் 2021 என்று இருக்கும், எண்ணிலோ 2022ஆம் ஆண்டின் 41ஆம் சட்டம் என்று இருக்கும். ஆகஸ்ட் 16-க்கு முன் பதிவான பத்திரங்களுக்கு அது பொருந்துமா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. 2024-ல் அந்தப் பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு இன்றும் 77-ஏ மனுவோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தச் செலவில் இறங்காதீர்கள்.

ஒப்புதலுக்குப் பிறகு, அரசின் அதிகாரபூர்வ வெளியீடான அரசிதழ். வழக்கமான இதழ் புதன்கிழமை வரும். அவசரமானவை சிறப்பு வெளியீடாக எந்த நாளிலும் வரலாம். பகுதி IV, பிரிவு 1-ல் இருப்பது முன்வடிவு. பிரிவு 2-ல் இருப்பதுதான் சட்டமும் அவசரச் சட்டமும். வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப். எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று முதல் பக்கத்தின் மேலேயே போட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள். அடுத்து, சட்டத்தின் தலைப்புக்கு மேல் உள்ள சிறு பத்தி. ஆளுநரோ குடியரசுத் தலைவரோ இன்ன தேதியில் ஒப்புதல் அளித்தார், பொதுத் தகவலுக்காக வெளியிடப்படுகிறது என்று அதில் இருக்கும். ஆக, ஒரே பக்கத்தில் இரண்டு தேதிகள்: ஒப்புதல் தேதி ஒன்று, இதழ் தேதி ஒன்று. இவற்றில் எது உங்களுக்குரியது என்பதை முதல் பிரிவு சொல்லும்.

பெரும்பாலான சட்டங்களில் முதல் பிரிவில் பெயர், அது செல்லும் பரப்பு, தொடங்கும் நாள் ஆகியவை இருக்கும். பொதுவாக (3)ஆம் உட்பிரிவைப் பாருங்கள். "உடனடியாக நடைமுறைக்கு வரும்" என்றிருந்தால் சிக்கலே இல்லை. "இன்ன நாளன்று நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும்" என்றிருந்தால் பின்தேதியிட்ட சட்டம், கவனமாகப் படிக்க வேண்டும். கட்டணம், வரி போன்றவற்றில் இப்படிச் செய்வதுண்டு. ஆனால் நடந்து முடிந்த செயலைப் பின்னால் வந்த சட்டத்தால் குற்றமாக்க 20(1)ஆம் உறுப்பு இடம் தராது. மூன்றாவது வகைதான் எல்லோரையும் ஏமாற்றுவது: "அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிக்கும் நாளன்று நடைமுறைக்கு வரும்." இந்த வரியைக் கண்டால் அரசிதழ் தேதியை மறந்துவிடுங்கள். தனியாக இன்னோர் அறிவிக்கை வரும் வரை அது தூங்கும் சட்டம். வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள் குறிக்கும் அதிகாரமும் சில சட்டங்களில் உண்டு. கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு 2018-ல் செய்த திருத்தம் இப்படித் தூங்கி 2024-ல்தான் எழுந்தது.

எந்தத் தேதியுமே சொல்லாத சட்டமானால்? அதற்கு 1891ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கூறுகள் சட்டம் இருக்கிறது. அதன் 5ஆம் பிரிவின்படி, ஒப்புதல் அரசிதழில் முதலில் வெளியாகும் நாளே சட்டம் தொடங்கும் நாள். மத்திய சட்டங்களுக்கு வேறு விதி: அங்கே குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த நாளே கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பல தேதிகள் தப்பாகின்றன.

அந்த நாள் எப்போது தொடங்குகிறது? முந்தைய நாள் முடிந்த நள்ளிரவிலிருந்து. காலை பத்து மணிக்கு உங்கள் பத்திரம் கையெழுத்தாகி, மாலையில் அரசிதழ் வந்தாலும், அந்தப் பத்திரம் புதுச் சட்டத்தின் நாளில் கையெழுத்தானதுதான். சட்டத்தின் கீழ் அரசு வெளியிடும் அறிவிக்கைகளில் மணிக்கணக்கும் பார்க்கப்பட்டிருக்கிறது. 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீதச் சுங்கவரி விதித்த அறிவிக்கை மின்னணு அரசிதழில் ஏறியது இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடிக்கு. அன்று அதற்கு முன்பே தாக்கலான இறக்குமதிகளுக்கு அந்த வரி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்த்தது.

வாடகை விஷயத்துக்கு வருவோம். வீட்டுச் சொந்தக்காரர்கள், குடியிருப்போர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பெயரில் 2017 இருக்கிறது. அது அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22 அன்று. வாய்ப்பேச்சாக இருந்த பழைய குடித்தனங்களுக்கு 90 நாளில் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும் என்ற கெடு எண்ணப்பட்டதும் அந்த நாளிலிருந்துதான். பிறகு திருத்தங்களால் கெடு நீண்டது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அன்றே நீங்கினாலும், அதன் கீழ் அப்போது நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும் என்று புதுச் சட்டமே காப்புப் பிரிவு வைத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இருக்கும் இந்தக் காப்புப் பிரிவைப் பலரும் படிப்பதே இல்லை. நடந்துகொண்டிருக்கும் வழக்கு உள்ளவர்களுக்கு முதல் பிரிவைவிட இதுதான் முக்கியம்.

அவசரச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரவை கூடாத காலத்தில் ஆளுநர் பிறப்பிப்பது அது. பேரவை மறுபடி கூடியதிலிருந்து ஆறு வாரத்தில் காலாவதியாகும். ஆன்லைன் சூதாட்டத் தடை அவசரச் சட்டம் 2022 அக்டோபரில் வந்தது. அக்டோபர் 17 அன்று பேரவை கூடியதால் நவம்பர் இறுதியில் அது முடிந்துபோனது. அதற்குப் பதிலான சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2023 ஏப்ரலில். இடைப்பட்ட மாதங்களில் இரண்டுமே இல்லை.

இனி உங்கள் பத்திரம். முத்திரைத் தீர்வைக்குக் கணக்கு, எழுதிக் கையெழுத்திட்ட நாள். பதிவுக் கட்டணத்துக்கு, சார்பதிவாளரிடம் தாக்கல் செய்யும் நாள். கையெழுத்திட்டதிலிருந்து தாக்கல் செய்ய நான்கு மாதம் அவகாசம் இருப்பதால் இரண்டும் வேறு வேறு வீதத்தில் விழக்கூடும். தீர்வை உயரும் நாள் அறிவிக்கப்பட்டுவிட்டால், அதற்கு முந்தைய நாளுக்குள் உரிய தீர்வையோடு எழுதிக் கையெழுத்திட்டால் பழைய தீர்வை பொருந்தும். பதிவு பிறகு நடந்தாலும், பதிவுச் சட்டம் 47ஆம் பிரிவின்படி பத்திரம் எழுதிய நாளிலிருந்தே செல்லும். பழைய தேதியைப் போட்டுத் தரச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். முத்திரைத்தாள் வாங்கிய தேதியே காட்டிக்கொடுத்துவிடும், நாங்களும் செய்ய மாட்டோம்.

புதுச் சட்டம் ஒன்று உங்கள் சொத்தைத் தொடும் என்று சந்தேகம் வந்தால், செய்தித்தாள் துணுக்கோடு வர வேண்டாம். சட்டத்தின் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, நிலுவையில் வழக்கு இருந்தால் அதன் எண் ஆகியவற்றோடு வாருங்கள். அரசிதழின் முதல் பக்கம், முதல் பிரிவு, காப்புப் பிரிவு, தொடக்க அறிவிக்கை நான்கையும் உங்கள் எதிரிலேயே எடுத்துப் பார்த்துச் சொல்கிறோம். தொடக்க அறிவிக்கை இன்னும் வரவில்லை என்றால் பழைய சட்டப்படியே பத்திரம் எழுதித் தருவோம்.

அன்புடன்,
உங்கள் பத்திர எழுத்தகத்தார்