பெட்டியைக் காருக்குள் வைக்காதே

எனிஸ், கிளேர் கவுண்டி, அயர்லாந்து
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

மெல்போர்னில் பழைய பட்டன் அக்கார்டியன், அதுதான் நம் துருத்திப் பெட்டி, ஒன்று வாங்கிவிட்டாயாமே, அம்மா சொன்னாள். என்னிடம் சொல்ல வெட்கமா? 12 வயதில் "இந்தப் பெட்டிச் சத்தமே எனக்குப் பிடிக்காது" என்று கதவை அறைந்து சாத்தியவள் நீ. சரி, அதை விடு.

ரீல்களுக்கு, அந்த வேகமான ஐரிஷ் ஆட்ட மெட்டுகளுக்கு, நோட்ஸ் எழுதி அனுப்பச் சொன்னாயாம். உன் அப்பாவுக்கு நோட்ஸ் படிக்கவே தெரியாதம்மா. இத்தனை வருஷமும் காதை வைத்துத்தான் ஓட்டினேன்.

1975-ல் எனக்கு 17 வயது. லண்டனில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மாமா, அவருடைய பி-சி பெட்டியை (ஒரு வரிசை பட்டன் பி சுருதி, இன்னொரு வரிசை சி) என் மடியில் வைத்தார். அதே வருஷம்தான் பெட்டி வித்வான் ஜோ கூலியின் இசைத்தட்டு வந்தது. அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த கூலி, 1972 நவம்பரில் பீட்டர்ஸ்வெல்லில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து வாசித்த பதிவுதான் அதில் பெரும்பகுதி. அடுத்த வருஷ டிசம்பரிலேயே போய்விட்டார். தட்டைக் கேட்கக்கூட இல்லை, பாவம்.

மாமாவின் ரெக்கார்ட் பிளேயரில் 16 என்று ஒரு வேகம் இருந்தது. 33-ல் சுழல வேண்டிய தட்டை அதில் போட்டால் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி இறங்கிக் கேட்கும். மாடு முனகுவதுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழும். ஊசி தேயத் தேய அப்படித்தான் படித்தேன்.

சுரமெல்லாம் வந்துவிட்டது. கூலியின் துள்ளல் மட்டும் வரவே இல்லை. விரல்தான் சரியில்லை என்று 4 வருஷம் என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு போட்டியில் நடுவரும் அதையே சொன்னார். அப்புறம் ஒரு ஜூலையில், மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி கோடை இசைப்பள்ளி நடந்த வாரம், ஒரு பெரியவர் தன் பெட்டியை என் கையில் கொடுத்தார். தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம். அது இங்கே வாசிக்கும் இந்த மாதிரி இரட்டை வரிசைப் பெட்டிகளுக்குப் பொது. ஆனால் அவர் பெட்டியில் டி ஸ்கேல் முழுவதும் ஒரே வரிசையில் கிடைத்தது. சுரத்துக்குச் சுரம் துருத்தி திசை மாறுகிறது, துள்ளல் தானாக வருகிறது. கூலியின் வழி அதுதான். என் பி-சியிலோ அதே ஸ்கேலுக்கு இரண்டு வரிசையிலும் தாவ வேண்டும். வழவழவென்று ஓடும், துள்ளாது. டிப்பரரியின் பேடி ஓ'பிரையன் 1950-களில் அந்த வழவழப்பையே பெரிய அழகாக்கிக் காட்டியவர். எனக்கு அது யாரும் சொல்லவில்லை. சொல்ல ஆள் வைத்துக்கொள்ளாதது என் திமிர்.

பெட்டியை மாற்றப் பணம் இல்லை. வழவழப்புக்குள்ளேயே துள்ளலைத் திணிக்கப் பார்த்தேன். இன்றும் என் வாசிப்பு இரண்டுங்கெட்டான்தான். ஆனால் இருட்டில் கேட்டாலும் அது நான்தான் என்று இங்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பகலில் பால் லாரி, வெள்ளி சனி இரவுகளில் செஷன், வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து வாசிப்பது. நீ கதவைச் சாத்திய அன்று உன் பிறந்தநாள். கேக் வெட்டும் முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

முதலில் உன் பெட்டி எந்தச் சுருதி என்று பார்த்துச் சொல். பி-சி என்றால் என்னால் உதவ முடியும். வேறு என்றால் அங்கேயே ஒரு நல்ல ஆசிரியரைப் பிடி, என்னைப்போல் வீம்பு பண்ணாதே. செஷனுக்குப் போனால் சில வாரம் சும்மா உட்கார்ந்து கேள். வட்டத்தில் நாற்காலி போடுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடு. இடது கைப் பக்கத்து பேஸ் பட்டன்களை இப்போதைக்கு மறந்துவிடு.

அம்மாவின் போனில் ஒரு ரீலை மெதுவாக இரண்டு முறை வாசித்து அனுப்பியிருக்கிறேன். நடுவில் குரைப்பது நம் நாய்.

இன்னொன்று: உள்ளே ரீடுகளை, சத்தம் தரும் அந்த உலோக நாக்குகளை, பெரும்பாலும் மெழுகு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். உங்கள் ஊர் வெயிலில் பெட்டியைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடாதே.

அப்பா