கையைப் பிடித்துக்கொண்டு இருப்பதும் நர்ஸ் வேலைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த பிரசவக் கட்டுரையில், 'கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் படித்த நர்ஸ் எதற்கு, அதை வீட்டுக் கிழவிகளே செய்வார்களே' என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனசே சரியில்லை. எழுதியவரை எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் மேசையைத் தாண்டித்தானே அந்த வரி அச்சுக்குப் போயிருக்கும்?

நான் நான்காம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். போன மாதம் லேபர் வார்டு போஸ்டிங்கில் இரவு இரண்டு மணிக்கு ஒரு தலைப்பிரசவம். பத்தொன்பது வயது, வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களில் நாலைந்து இன்னும் கையில் கிடந்தன. அவள் அம்மா வெளியே வராந்தாவில், உள்ளே விடவில்லை. வலி வரும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்து உடம்பை முறுக்கியவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடி இடுப்பில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்து, "வலி ஏறும்போது என்னைப் பாரு, வாயால ஊதி ஊதி மூச்சை விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுநடுவே ரெண்டு வாய் தண்ணீர். இன்னொரு கை அவள் வயிற்றின் மேல்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணணும், அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கணும். ரெஜிஸ்டர் எழுத என்னைக் கூப்பிட்டதும் என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு "அக்கா, போகாதீங்க" என்றாள். போகத்தான் வேண்டியிருந்தது. எட்டு கட்டிலுக்கு ஒரே ஸ்டாஃப் நர்ஸ், அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் உதட்டைக் கடித்து ரத்தம் கசிந்திருந்தது.

சின்னப் பெண், உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். 17 நாடுகளில் 15,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் அறிக்கை 2017-இல் வந்தது. பக்கத்தில் ஒருவர் விடாமல் துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலியில் கிடக்கும் நேரமும் குறைகிறது என்று அதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த பிரசவக் கண்காணிப்புத் தாளில், துணைக்கு ஆள் உண்டா, வலிக்கு என்ன செய்தோம், குடிக்கக் கொடுத்தோமா, எந்த நிலையில் இருக்கிறாள் என்று தனித்தனிக் கட்டமே உண்டு, அதுவும் தாயின் நாடித்துடிப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முன்னால்.

வீட்டுப் பெரியவர்கள் இதைச் செய்வார்கள் என்பது சரிதான், எங்கள் பாட்டியும் செய்திருக்கிறார். ஆனால் அவர்களை உள்ளே விட வேண்டுமே ஐயா! அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று தமிழக அரசு 2004-லேயே கொண்டுவந்தது. மத்திய அரசும் 2016-இல் சொல்லிவிட்டது. அப்புறமும் அந்த அம்மா விடியும்வரை வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் அறியாததில்லை. ஆனாலும் தொகுப்பூதிய நர்ஸ்கள் போராடியபோது 'போக்குவரத்து ஸ்தம்பித்தது' என்றுதான் தலைப்பு வைத்தீர்கள். துணுக்குப் பக்கத்தில் வாரம் தவறாமல் ஒரு நர்ஸ் ஜோக் வருகிறது, அதை என் தம்பி முன்னால் படிக்க எனக்குக் கூசுகிறது. கொரோனா காலத்தில் எங்களைத் தேவதைகள் என்று எழுதியதும் இதே பத்திரிகைதானே. எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. வலியில் கத்தும் பெண்ணிடம் "அப்ப நல்லா இருந்துச்சா, இப்ப கத்துறியா" என்று கேட்பவர்கள் எங்களிலும் உண்டு, அதைக் கேட்டுவிட்டு வாய் திறக்காமல் நின்றதற்கு நான் வெட்கப்படுகிறேன். அதைக் கண்டித்து எழுதியிருந்தால் கைகூப்பி ஏற்றுக்கொண்டிருப்பேன்.

மறுப்போ வருத்தமோ கேட்கவில்லை. பிரசவத்துக்குத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே அனுமதிக்கும்படி கேட்கலாம் என்று நாலு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், போதும். அடுத்த வாரம் எனக்கு மறுபடியும் லேபர் வார்டு, வெட்டி எடுத்துப் போய் வராந்தாவில் இருக்கிற அம்மாக்களிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு நர்சிங் மாணவி