நாகப்பட்டினம் – தரங்கம்பாடி சைக்கிள் பயணம்: படித்துவிட்டுப் பெயர் கொடுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. தை கடைசி ஞாயிறு கடலோரம் போகிறோம். சனி இரவு கோவையிலிருந்து வேன், சைக்கிள்கள் மேலே. நாகப்பட்டினத்தில் விடியும்போது கிளம்பி நாகூர், காரைக்கால் வழியாகத் தரங்கம்பாடி. திரும்பும்போது திருநள்ளாறு எட்டிப் பார்த்துவிட்டு நாகைக்கே வந்துவிடுவோம். மொத்தம் 80 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

ஏற்றமே இல்லை என்று யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம். நம்ம பக்கம் ஏற்றம் முடிந்தால் இறக்கத்தில் காலுக்கு ஓய்வு உண்டு. அங்கே நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்கணும். அப்புறம் காற்று. நமக்குப் பழக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று. அங்கே தையில் வடகிழக்கிலிருந்து அடிக்கும், போகும்போது முகத்தில்தான். அதனால் காலையில் தெம்பிருக்கும்போதே வடக்கே போய்விடுவோம். திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொடுக்கும். இருவர் இருவராக ஒருவர் பின்னால் ஒருவர் மறைந்து ஓட்டினால் பின்னால் வருபவருக்குப் பாரம் நன்றாகக் குறையும். புதியவர்களை முன்னால் விடாதீங்க.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் எதிரே ஒரு மணி நேரம் உட்காருவோம், அவசரமே வேண்டாம்.

முக்கியமாக, செயின். போன தடவை கடலோரம் போய்வந்து துடைக்காமல் விட்டேன். இரண்டே நாளில் கண்ணிக்குக் கண்ணி செந்துரு. அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து எண்ணெய் விட்டுருங்க. ஆளுக்கு இரண்டு ட்யூப், ஒரு பம்ப் கட்டாயம்.

வேன் பேச வேண்டும், வெள்ளிக்குள் பெயர் போடுங்க.